பூவும் இலையும் ஒரே சாம்பலா?

வணக்கம் சார்,

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு ரோஜா எடுத்தேன். கலரில் பளிச்சென்று இருந்தது. கருப்பு வெள்ளையாக்க, சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) பூஜ்ஜியத்துக்கு இழுத்தேன். பூ எது, இலை எது என்றே தெரியவில்லை. கேமராவிலேயே மோனோக்ரோமில் வைத்து எடுத்தால் சரியாகிவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேமராவில் குறையில்லை. பூவும் இலையும் நிறத்தில்தான் வேறு, வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்று. நிறத்தைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?

சில மென்பொருள்களில் சாச்சுரேஷனைக் குறைத்தால், படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடும். அந்தக் கணக்கில் சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் ஒரே சாம்பல். கிரேஸ்கேல், அதாவது படத்தைச் சாம்பலாக்கும் இன்னொரு வழி, கொஞ்சம் பரவாயில்லை. நம் கண்ணை ஒட்டி, சுமார் 30 சதவீதம் சிவப்பு, 59 பச்சை, 11 நீலம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அதுவும் உங்கள் ரோஜாவைப் பார்த்துப் போட்ட கணக்கல்ல.

ஃபிலிம் காலத்தில் இதற்காகத்தான் லென்ஸுக்கு முன்னால் வண்ண ஃபில்டர் மாட்டினார்கள். சிவப்பு ஃபில்டர் போட்டால் நீல வானம் கறுக்கும், மேகம் எழுந்து நிற்கும். ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். நமக்கு அந்த அவசரமில்லை. எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று நாமே வைக்கும் கருப்பு வெள்ளை மிக்ஸரை மென்பொருளில் திறந்து சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்குங்கள்: இருட்டு இலைகளில் வெளிறிய பூ. மாற்றிச் செய்தால் வெளிறிய இலைகளில் கறுத்த பூ. என் ஓட்டு இரண்டாவதற்கு. சிவப்பு ரோஜா என் மனதில் எப்போதும் கனமான பூ.

முகங்களில் மட்டும் கவனம். சிவப்பை ஏற்றினால் தோல் வழவழப்பாகும், கூடவே உதடும் வெளுத்துப்போகும். நீலத்துக்கு எடை கொடுத்தால் ஒவ்வொரு தழும்பும் பருவும் மேலே வந்துவிடும். ஒரு நண்பரை அப்படிச் செய்து கொடுத்தேன், அவர் இன்னும் மறக்கவில்லை. வானத்தைக் கறுக்க நீலத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். ஜேபெக் (சுருக்கிச் சேமித்த படம்) என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், வானத்தில் பட்டை விழும்.

மோனோக்ரோமில் வெறும் ஜேபெக் எடுத்தால் நிறம் போனது போனதுதான், மிக்ஸருக்கு வேலையே இல்லை. ரா ஃபைலோடு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) சேர்த்து எடுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், ராவில் நிறம் முழுதாக இருக்கும். நான் எடுப்பது அப்படித்தான்.

சரி, அந்த ரோஜாவின் கலர் ஃபைல் மேலேயே சேமித்துவிடவில்லையே? இருந்தால் இரண்டு விதமாகவும் செய்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.