மாம்பழ டீயில் மாம்பழம் எங்கே?

கேள்வி: மாம்பழ டீ என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். உள்ளே மாம்பழம் என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை. வாசனை மட்டும் ஊரைத் தூக்குகிறது. இது ஏமாற்று வேலைதானே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீர்களா? ‘தேயிலை, சேர்க்கப்பட்ட மாம்பழ ஃப்ளேவர்’ என்று இருந்தால் சொன்னதைத்தான் விற்றிருக்கிறார்கள். முன்பக்கம் பெரிதாக மாம்பழப் படம் போட்டதுதான் குறும்பு.

நிஜ மாம்பழத்தைப் போட்டாலும் பெரிய பயன் இல்லை. சாற்றை ஊற்றினால் இலை நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். பழத்தை உலர்த்தினால் மணத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். ஏலக்காய் கொடுத்துவைத்தது, காய்ந்த விதைக்குள்ளேயே எண்ணெயைப் பத்திரமாக வைத்திருக்கிறது, தட்டிப் போட்டால் போதும். மாம்பழத்துக்கு அந்த வசதி இல்லை. அதனால் உருளும் டிரம்மில் தேயிலையைக் கொட்டி, மணச்சாரத்தைத் தெளித்துப் புரட்டுகிறார்கள். சில பாக்கெட்டுகளில் கிடக்கும் பூவிதழும் பழத்துண்டும் பெரும்பாலும் கண்ணுக்குத்தான்.

ஏர்ல் கிரே டீயும் அடிப்படையில் இதே வேலைதான். அதில் தெளிப்பது இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற பழத்தின் தோலில் எடுக்கும் எண்ணெய். நம் நார்த்தங்காய்க்குச் சொந்தக்காரப் பழம். (1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிரே பிரபுதான் இந்த டீயைக் கொண்டுவந்தார் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.)

எண்ணெயே தெளிக்காமல் மணம் ஏற்றுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சீனாவின் ஃபூச்சோ நகருக்குப் போக வேண்டும். அங்கே மல்லிகை டீக்குப் போடுவது மதுரை மல்லியின் இனமேதான். மொட்டாக வாங்கித் தலையில் வைத்தால் ராத்திரி விரியுமே, அந்தச் சமயம்தான் அவர்களுக்கும் கணக்கு. பகலில் பறித்த மொட்டு வாய் திறக்கும் நேரம் பார்த்து, உலர்ந்த பச்சைத் தேயிலையோடு கலந்து குவிப்பார்கள். குவியல் சூடேறும், நடுவில் கிளறி ஆற்ற வேண்டும். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள், அதில் மணம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். பூவின் ஈரம் இலைக்கு ஏறியிருக்குமே, அதனால் மறுபடி உலர்த்தி, அப்புறம் புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு இப்படி ஐந்தாறு தடவைக்கு மேல்கூட நடக்கும். விலை ஏன் அவ்வளவு என்று கேட்காதீர்கள்.

தெளித்ததோ பூவோ, இரண்டுமே மூக்குக்குத்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்குக்குக் கிடைப்பது தேயிலையின் கசப்பும் துவர்ப்பும்தான். மட்டமான தூளை வாசனை போட்டு மறைக்க முடிவதும் இதனால்தான். நான் கோபப்படுவதென்றால் அதற்குத்தான் கோபப்படுவேன்.

மீதி பாக்கெட்டை இறுக மூடி, தனி டப்பாவில் வையுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் டீத்தூள் வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.