உடம்பில் கீறல்கூட இல்லை. பிடிஎஸ்டிக்கு (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்புக்கு) இழப்பீடு கேட்கலாமா?

வேலையிடத்தில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள், காயம் இல்லை, ஆனால் தூக்கம் போய்விட்டது. தொழிலாளர் இழப்பீடு கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி.

கிடைக்கலாம், ஆனால் இடத்துக்கு இடம் சட்டம் மாறும். சில இடங்களில் உடலில் அடிபட்டிருந்தால்தான் மனப் பாதிப்பையே பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. அங்கே பொதுவாக, பாதிப்புக்குப் பாதிக்கு மேல் வேலையே காரணம் என்று காட்ட வேண்டும். உங்களைப் போல வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 35 முதல் 40 சதவீதம் போதும். தீயணைப்பு வீரர்களுக்கும் போலீசாருக்கும் இன்னும் எளிது: 2020 முதல், பிடிஎஸ்டி வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ இதை 2016லேயே செய்துவிட்டது.

பலரும் கோட்டை விடுவது தேதியில்தான். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்று மருத்துவர் எழுதுவார். கலிஃபோர்னியாவில் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க இருப்பதோ 30 நாள். அதனால் நோயின் பெயருக்காகக் காத்திருக்காமல் சம்பவத்தை உடனே எழுதிக் கொடுங்கள். அப்புறம், மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கதவு படாரென்று சாத்தினாலே மேசைக்கு அடியில் குனிந்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள்; அது குறிப்பில் ஏறட்டும்.