லானி ஜான்சனின் பதிவுகளை எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

அமெரிக்க புளூஸ், ஜாஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜான்சனை 1927 டிசம்பரிலிருந்து தொடங்குங்கள். சிகாகோவில் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவோடு வாசித்த 'ஹாட்டர் தேன் தட்' பதிவில், ஆம்ஸ்ட்ராங்கின் குரலுக்கு ஜான்சனின் கிட்டார் மறுமொழி சொல்லும். தாளத்துக்கு மட்டும் என்றிருந்த கிட்டார், ஒற்றை ஒற்றைச் சுரமாக மெல்லிசை பேசுவதை அங்கே கேட்கலாம்.

ஜான்சன் நியூ ஆர்லியன்ஸ்காரர். 1925-ல் செயின்ட் லூயிஸில் நடந்த புளூஸ் போட்டியில் வென்றதால் ஓக்கே இசைத்தட்டு நிறுவனத்தில் பதிவு செய்யும் வாய்ப்பு கிடைத்தது. 1932 வரை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள். 1928-ல் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனோடு 'தி மூச்'.

கிட்டார் கலைஞர் எடி லாங்கோடு 1928, 29-ல் இருவராக வாசித்த கிட்டார் பதிவுகள்தான் என் கணிப்பில் உச்சம். ஆனால் லாங்கின் பெயரில் தேடினால் சில தப்பிவிடும்: ஜான்சன் கறுப்பினத்தவர், லாங் வெள்ளையர் என்பதால் இசைத்தட்டில் லாங்குக்கு 'பிளைண்ட் வில்லி டன்' என்ற புனைபெயரே அச்சானது.

இந்தப் பதிவுகளோடு கூடவே வாசித்துப் பழகுபவர்களுக்கு ஒரு சிக்கல் வரும், சுருதி சேராது. அக்காலத் தட்டுகள் எல்லாம் துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 80-ல் பதிவானதை 78-ல் ஓட்டினால் ஏறக்குறைய கால் சுரம் இறங்கும். உங்கள் கிட்டாரைத் திருகாதீர்கள், பதிவின் வேகத்தை மாற்றுங்கள். இரைச்சலை முழுக்க வடிகட்டிய பதிப்புகளையும் தவிர்க்கலாம். இரைச்சலோடு தந்தியை மீட்டும் கூர்மையும் போய்விடும்.

1948-ல் அமெரிக்கக் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'டுமாரோ நைட்' வேறு ரகம், மென்மையான காதல் பாட்டு.