மருத்துவர் பதில்கள்: கிராமப் பணிக்குத் தயங்குவது ஏன்?

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்த என் மகளுக்கு மலையடிவாரக் கிராமமொன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசுப் பணி கிடைத்திருக்கிறது. அவளோ பணியில் சேராமல் வீட்டிலிருந்தே முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கப் போவதாகச் சொல்கிறாள். இன்றைய இளம் மருத்துவர்களுக்குச் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதா?
– ஒரு தந்தை, தேனி மாவட்டம்

பதில்: குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. அவர்களது தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் தன்னந்தனியாக மாட்டிக்கொள்வோமோ என்னும் அச்சம்தான். அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு.

இரவு நேரத்தில் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கிவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரது இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும்; உறையவில்லையென்றால் விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். மருந்து கையிருப்பில் இருக்கிறது, செய்முறையும் உங்கள் மகளுக்குத் தெரியும். ஆனால் அந்த மருந்தே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கிவிடும் என்பதும், மூச்சு அடைத்தால் உதவ மயக்கவியல் மருத்துவரோ வென்டிலேட்டரோ அங்கே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். வாசலில் உறவினர்கள் திரண்டிருக்கும்போது, 108-ஐ வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடத்தான் மனம் சொல்லும். பயணத்தில் கழியும் நேரமோ நோயாளியின் உயிருக்கே உலையாகலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலிருந்து மூத்த மருத்துவர் ஒருவர், "அட்ரினலினை (ஒவ்வாமைக்கான அவசர மருந்து) தயாராக வைத்துக்கொண்டு மருந்தை ஆரம்பிம்மா, நான் லைனிலேயே இருக்கிறேன்" என்று சொன்னால், அதே பெண் துணிந்து சிகிச்சையைத் தொடங்குவாள். இளம் மருத்துவர்களுக்கு நாம் முதலில் செய்து தர வேண்டிய ஏற்பாடு இதுதான்.

தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையை ஒட்டிய சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் 1993-ல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் ஒருவருக்கொருவர் துணையாக இருந்ததோடு, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்களது தியாகத்தை மட்டும் பாராட்டிவிட்டு, கூட இருந்து தோள்கொடுத்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

மேற்படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநில அரசு தனி ஒதுக்கீடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் போராடிக் காத்துவந்த உரிமை அது. அதனால், கிராமத்துக்குப் போனால் மேற்படிப்பு கைநழுவிவிடும் என்று உங்கள் மகள் எண்ண வேண்டியதில்லை. எத்தனை ஆண்டுப் பணி தேவை, எந்தெந்த ஊர்களுக்கு ஊக்க மதிப்பெண் உண்டு என்பதை மட்டும் அந்தந்த ஆண்டின் சேர்க்கை விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லா மருத்துவர்களையும் ஓராண்டு கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பினால் என்ன?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: வெறும் கட்டாயத்தில் வருபவர், ஆண்டு முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுவார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வருடக்கணக்கில் மாத்திரை வாங்கும் முதியவர்களோ, ஒவ்வோர் ஆண்டும் புதிய முகத்திடம் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கட்டாயப்படுத்துவதற்கு முன், ஒழுகாத குடியிருப்பையும் இரவுப் பணிக்கு இன்னொரு மருத்துவரையும் அரசு உறுதிசெய்யட்டும்.