இரண்டு ஓவர் ஆட்டக்காரர்

கேள்வி: 1924இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில், அதிலும் இரண்டே ஓவர்கள் மைதானத்தில் நின்ற பிரெட் ஹைலண்ட் என்பவரை முதல்தர ஆட்டக்காரர் என்று பதிவேடுகள் சொல்கின்றன. மட்டையையே தொடாதவருக்கு எதற்கு இந்தப் பட்டம்? உண்மையில் ஆடியவர்களுக்கு இது அவமதிப்பு இல்லையா? (வாசகர் ஒருவர், கரூர்)

பதில்: பட்டம் என்று யார் சொன்னார்கள்? முதல்தர ஆட்டக்காரர் என்பது பொன்னாடை போர்த்திக் கொடுக்கும் விருது அன்று; கவுண்டி அணிகள் மோதுவது போன்ற உயர்மட்டப் பலநாள் ஆட்டம் ஒன்றில் பதினொருவரில் ஒருவராக அவர் இறங்கினார் என்ற தகவல், அவ்வளவுதான். நார்தாம்ப்டனில் நடந்த அந்த ஆட்டத்தில் எதிரணி விக்கெட் இழப்பின்றி ஒரு ரன் எடுத்திருந்தபோது மழை குறுக்கிட்டது. அதன்பின் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. ஹைலண்ட் ஆடிய இன்னிங்ஸ் எத்தனை என்ற கட்டத்தில் சுழியம்தான் இருக்கிறது. பதிவேடு எதையும் மிகைப்படுத்தவில்லை.

அன்று அவருடன் களத்தில் நின்றவர்களின் கணக்கிலும் அதே ஆட்டம் ஓர் ஆட்டமாகச் சேர்ந்திருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேறு ஆட்டங்களும் வாய்த்ததால் அது கண்ணை உறுத்தவில்லை. இவருக்கு அது ஒன்றே வாய்த்ததால் உறுத்துகிறது. மட்டையைத் தொட்டால்தான் கணக்கு என்று விதி செய்தால், நாள் முழுதும் பந்து வீசிவிட்டுத் தம் முறை வருமுன் மழையால் வீடு திரும்பிய பந்துவீச்சாளரின் பெயரையும் பதிவேட்டிலிருந்து அடித்துவிட வேண்டியிருக்கும். ஹாம்ப்ஷயருக்காக மட்டும் 48,892 ரன்கள் குவித்த பிலிப் மீடுக்கு, அதே கவுண்டியின் பட்டியலில் ஹைலண்டின் பெயரும் இருப்பதால் எந்த ரன் குறைந்தது?

ஹைலண்ட் தொழில்முறை ஆட்டக்காரராக ஆடினார் என்பதை அவரது மறைவுக் குறிப்பில் விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு மலர் சொல்லத் தவறவில்லை. அது புகழ்ச்சியன்று. கூலி பெற்று ஆடியவர்களுக்கும் கூலி பெறாமல் ஆடிய கனவான்களுக்கும் அக்காலத்தில் உடை மாற்றும் அறைகூட வேறாக இருந்தது. பெயரின் முதலெழுத்தை முன்னால் அச்சிடுவதா பின்னால் அச்சிடுவதா என்பதுவரை நீண்ட அந்தப் பாகுபாடு 1962 பருவத்தோடுதான் ஒழிந்தது. ஹாம்ப்ஷயரின் விக்கெட் கீப்பர் வால்டர் லிவ்சி, அணித்தலைவர் லயனல் டென்னிசன் பிரபுவுக்கு மைதானத்துக்கு வெளியே பணியாளாகவும் இருந்தவர். 1922இல் வார்விக்ஷயருக்கு எதிராக 15 ரன்களுக்குச் சுருண்ட அந்த அணி, முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி மட்டை பிடிக்கப் பணிக்கப்பட்டு 521 ரன்கள் எடுத்து 155 ரன் வித்தியாசத்தில் வென்றதே, அதில் பத்தாவதாக இறங்கி 110 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றவர் அந்தப் பணியாளர்தான். கூலிக்கு ஆடியவருக்குத் தம்மைக் காட்டிக்கொள்ள வாய்ப்பு ஒன்று வேண்டும். லிவ்சிக்கு அது கிடைத்தது; ஹைலண்டுக்குப் பன்னிரண்டு பந்துகள் கிடைத்தன, அவையும் சக ஆட்டக்காரர்கள் வீசியவை.

1964இல் இறந்த அவரைப் பற்றிய விஸ்டன் குறிப்பு சில வரிகளே கொண்டது. பிற்காலத்தில் செஷயரில் செடி வளர்ப்புப் பண்ணைக்காரராக நல்ல பெயர் எடுத்தார் என்று அது முடிகிறது. அந்தத் தொழிலில் மழை அவருக்கு இடைஞ்சல் செய்திருக்காது என்று நம்புகிறேன்.