தேங்காயெண்ணெய் கொழும்பில் ஏன் உறைவதில்லை? உயிரியல் மூலக்கூறுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (உயர்தர மாணவி, வெள்ளவத்தை): ஐயா, மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசினால் ஆனவையே. அவ்வாறாயின் சோறு சமிபாடடையும்போது முருங்கைக்காயின் தும்பு மட்டும் ஏன் சமிபாடடைவதில்லை?

பதில்: அலகு ஒன்றேயாயினும் அவை கோக்கப்பட்ட விதம் வேறு. மாப்பொருளில் அல்பா 1,4 பிணைப்பு (ஒரு குளுக்கோசின் 1ஆம் காபன் அடுத்ததன் 4ஆம் காபனுடன் இணைவது; அல்பா, பீற்றா என்பன அவ்விணைப்பின் திசையைக் குறிக்கும்) இருப்பதால் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. செலுலோசிலோ பீற்றா 1,4 பிணைப்பினால் ஒன்றுவிட்ட ஒரு குளுக்கோசு தலைகீழாகத் திரும்பி நிற்க, சங்கிலி நேராக நீண்டு, அயற்சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்புகளால் இறுகி நாராகிறது. உமிழ்நீரிலும் சதையிச் சாற்றிலும் உள்ள அமிலேசு அல்பா பிணைப்பையே வெட்டவல்லது. செலுலோசை வெட்டும் நொதியம் மனிதரிடம் இல்லை. மாடும் அந்நொதியத்தைத் தானாக ஆக்குவதில்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளே அவ்வேலையைச் செய்கின்றன. முருங்கைத் தும்பில் மரத்தன்மை தரும் பொருளான இலிக்னினும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் கடினமாகிறது. அயடீன் மாப்பொருளில் கருநீல நிறம் தருவதும் அச்சுருளுக்குள் அது புகுந்து அமர்வதனாலேயே. பரீட்சைக்கு நிறத்தை மட்டும் மனனம் செய்வோர் இக்காரணத்தைத் தவறவிடுகின்றனர்.

கேள்வி (மாணவர், பம்பலப்பிட்டி): சீனிக் கரைசலைப் பெனடிக்ற் கரைசலுடன் சூடாக்கியபோது செங்கட்டி நிற வீழ்படிவு வரவில்லை. ஏன்?

பதில்: பெனடிக்ற் கரைசல் தாழ்த்தும் வெல்லங்களையே காட்டும். சீனி சுக்குரோசு ஆகும். அதன் இரு அலகுகளின் தாழ்த்தும் முனைகளும் (கரைசலுடன் தாக்கமுறும் முனைகள்) பிணைப்பிலேயே செலவாகிவிட்டன. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்துடன் சூடாக்கி, நடுநிலையாக்கிய பின் சோதித்தால் வீழ்படிவு வரும்.

கேள்வி (இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை): நிரம்பிய கொழுப்பு உறைந்திருக்கும் என்கிறார்கள். தேங்காயெண்ணெய் நிரம்பிய கொழுப்பு எனின் எங்கள் வீட்டில் நீர்மமாகவும், நுவரெலியாவில் கட்டியாகவும் இருப்பது எதனால்?

பதில்: கிளிசரோலுடன் மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்ததே எண்ணெயும் கொழுப்பும், மாப்பொருள், புரதம் போல இவை பல அலகுகள் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலிகளான பல்பகுதியங்கள் அல்ல. இரட்டைப் பிணைப்பற்ற கொழுப்பமில வால்கள் வளைவின்றி நெருங்கி அடுக்கப்படுவதால் நிரம்பிய கொழுப்பு எளிதில் உறையும் என்பது உண்மையே. ஆனால் வாலின் நீளமும் கணக்கில் வரும். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதியான லோரிக்கமிலத்தில் 12 காபன் அணுக்களே உள்ளன. மாட்டுக்கொழுப்பில் மிகுந்துள்ளவற்றில் 16 முதல் 18 வரை உண்டு. வால் குறுகினால் மூலக்கூறுகளிடையேயான ஈர்ப்புக் குறைந்து உருகுநிலையும் தாழும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும். கொழும்பு அதைவிட வெப்பமானது, நுவரெலியா மிகக் குளிரானது. ஆகவே, போத்தலில் உறைந்ததைக் கண்டு கலப்படமென்று ஐயுற வேண்டாம்.

கேள்வி (பெயர் தரவில்லை): முட்டையை அவித்தால் புரதம் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது. புரதச் சங்கிலியின் மடிப்பு மட்டுமே குலைகிறது. அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்தைட்டுப் பிணைப்புகள் அப்படியே இருப்பதால் உணவுப் பயன் குறைவதில்லை, சமிபாடும் எளிதாகிறது. மடிப்புக் குலைந்தால் போவது அப்புரதத்தின் தொழில். நொதியங்கள் சூட்டில் செயலிழப்பது இதனாலேயே. சில வேளைகளில் தொழில் கெட ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் போதும்: குருதியில் ஒட்சிசனைக் காவும் புரதமான ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியிலுள்ள 146 அமினோ அமிலங்களுள் ஆறாவதான குளுட்டாமிக்கமிலத்தின் இடத்தில் வலீன் வந்தால், செங்குழியங்கள் அரிவாள் வடிவுகொள்ளும் நோய் உண்டாகிறது.

கேள்வி (தந்தை ஒருவர், வெள்ளவத்தை): உணவுப் பொதிகளில் நியூக்கிளிக்கமிலத்தின் அளவு ஏன் குறிக்கப்படுவதில்லை?

பதில்: கலங்களாலான எவ்வுணவிலும் அது இருக்கிறது, எனினும் நாம் அதைச் சக்திக்காக உண்பதில்லை, அதற்கு வேண்டிய மூலங்களை உடலே ஆக்கிக்கொள்ளும். நியூக்கிளிக்கமிலங்களுள் ஒன்றான டீஎன்ஏயை உண்டாலும், அதைச் சதையியின் நொதியங்கள் சிதைத்துவிடுவதால், வாழைப்பழத்தின் பரம்பரைத் தகவல் நம்முள் புகாது. நியூக்கிளிக்கமிலத்தின் பகுதிகளான பியூரின்கள் மட்டும் யூரிக்கமிலமாக முடிவதனால், மூட்டில் யூரிக்கமிலம் படியும் கௌட் நோயுள்ளவர்களிடம் ஈரலையும் நெத்தலியையும் குறைக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர்.