வீட்டு விலை ஏறியது, சம்பளம் ஏறவில்லை

கேள்வி: பத்து வருடம் முன்பு வாங்கிய எங்கள் வீட்டின் விலை இப்போது இரண்டு மடங்கு. வைத்திருக்கும் பங்குகளும் ஏறியிருக்கின்றன. சம்பளம் மட்டும் பழையபடிதான். ஆனாலும் செலவு எங்களை அறியாமல் கூடி, மாதச் சேமிப்பு பாதியாகிவிட்டது. கேட்டால், “அதான் சொத்து இருக்கிறதே” என்கிறார் கணவர். சரியா? - ஒரு வாசகி

பதில்: பாதி சரி. அவர் சொல்வதற்குப் பொருளாதாரத்தில் ‘செல்வ விளைவு’ என்று பெயரே உண்டு. கைக்கு ஒரு காசு வராவிட்டாலும், சொத்து மதிப்பு ஏறினால் மனிதர்கள் தாராளமாகிவிடுவார்கள். அமெரிக்காவில், சொத்து 100 டாலர் கூடினால் வருடச் செலவு 3 முதல் 5 டாலர் கூடும் என்பது பொருளாதார நிபுணர்களின் வழக்கமான கணக்கு. 1985-இல் நோபல் பரிசு பெற்ற பிராங்கோ மோடிக்லியானி, மக்கள் இந்த மாதச் சம்பளத்தை மட்டுமல்ல, ஆயுள் முழுவதற்குமான வரவையும் சொத்தையும் மனதில் வைத்தே செலவழிக்கிறார்கள் என்றார். ஆக, கொஞ்சம் கூடுதல் செலவு குற்றமில்லை.

ஆனால் உங்கள் சொத்தில் பெரும்பகுதி நீங்கள் குடியிருக்கும் வீடு. அதை விற்றால் எங்கே போவீர்கள்? இன்னொரு வீட்டுக்கு. அதன் விலையும்தான் ஏறியிருக்கும்! சின்ன வீட்டுக்கோ விலை குறைந்த இடத்துக்கோ மாறினால்தான் லாபம் கையில் தங்கும். பிள்ளைகள் நாளை வீடு வாங்க வேண்டியவர்கள் என்றால், குடும்பத்துக்கு இந்த விலையேற்றம் நஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். (இதை அவரிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.)

பங்கு வேறு. வேண்டிய அளவு விற்றுக் காசாக்கலாம். ஆனால் ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்யும்.

எனக்குப் பயம் கடனை நினைத்துத்தான். 2000-களின் முற்பாதியில், அமெரிக்காவில் பலர் ஏறிய வீட்டு மதிப்பைக் காட்டிக் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். 2006-க்குப் பிறகு விலை சரிந்தது. கடன் அப்படியே நின்றது. கடன் அதிகம் இருந்த பகுதிகளில்தான் அப்புறம் மக்கள் செலவை மிகவும் சுருக்க வேண்டியிருந்தது.

எனவே இருவரும் உட்கார்ந்து கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். கூடிய செலவில் ஒருமுறையோடு முடிந்தது எது, மாதாமாதம் தவணையாகத் தொடர்வது எது? முதலாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தவணையை வீட்டின் மதிப்பிலிருந்து கட்ட முடியாது. அது சம்பளத்திலிருந்துதான் போகும். புதிதாக ஒரு தவணையும் வேண்டாம். சேமிப்பு பழைய அளவுக்கு வந்ததும், பங்கை விற்றுக் கைக்கு வந்த லாபம் ஏதாவது இருந்தால், அதில் ஒரு பகுதியை அவர் இஷ்டப்படி செலவழிக்கட்டும்.